வீட்டுவேலை செய்யாத தகப்பன்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவரின் வீட்டுவேலைக் கொப்பிகளைத் திருத்தி வருபவன் நான். கொப்பியைத் திறந்த மாத்திரத்தே, அவ்வேலை நாள்தோறும் செய்யப்பட்டதா, அன்றி ஞாயிறு இரவு ஒரே இருப்பில் எழுதி முடிக்கப்பட்டதா என்பதை என்னாற் கூறிவிட முடியும். மையின் நிறம் ஒன்றாயிருக்கும். எழுத்தின் சாய்வு ஒன்றாயிருக்கும். திங்கட்கிழமை விட்ட பிழை வெள்ளிக்கிழமைப் பக்கத்திலும் அப்படியே வீற்றிருக்கும். இத்தகைய மாணவரை எழுப்பி நிறுத்தி, "தம்பி, நீர் ஏமாற்றுவது என்னையல்ல, உம்மையே" என்று நான் உபதேசித்த நாட்களுக்குக் கணக்கில்லை. அவ்வுபதேசம் ஒருநாள் என்னை நோக்கியே திரும்பி வந்தது. வந்த இடம் ஒரு வைத்தியசாலை. அதனைச் சொல்லாமற் சொன்னவர் என்னிடம் சரித்திரம் கற்ற பழைய மாணவர் ஒருவர். அக்கதையை வாசகர்களுக்குக் கூறுவது எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் பச்சிளம் குழந்தையுள்ள வீடுகளுக்கு அது பயன்படும் என்ற எண்ணத்தினாற் கூறத் துணிந்தேன்.

கழுத்திலே ஒரு கட்டி

எங்கள் மூன்றாவது பிள்ளை, அவன் அண்ணன் பிறந்து ஒன்பது ஆண்டுகளின் பின் பிறந்தவன். தாய் வயிற்றிலே தலை மேலாகவும் இடுப்புக் கீழாகவும் இருந்தமையாற் சத்திரசிகிச்சை செய்தே எடுக்கப்பட்டான். பிறந்து மூன்றாவது வாரத்தில், அவனைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, வலப்பக்கக் கழுத்திலே நெல்லிக்காயளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுவதைக் கண்டார். அப்போதுதான் நாங்கள் உற்றுப் பார்த்தோம். குழந்தையின் தலை எப்போதும் வலத் தோளை நோக்கியே சாய்ந்திருந்தது. நாடியோ இடப்பக்கம் திரும்பியிருந்தது.

பார்த்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறினர். தூக்கிய பிழை என்றார் ஒருவர். கிடத்திய பிழை என்றார் இன்னொருவர். நாவூறு என்றார் மூன்றாமவர். சுளுக்கு எடுப்பதிற் கைதேர்ந்த முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனால் ஒரே இழுப்பிற் சரியாகிவிடும் என்று அயலவர் ஒருவர் வற்புறுத்தினார். நல்வினைப் பயனாக அன்று மாலையே குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரும் இழுக்கவும் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று கண்டிப்பாகக் கூறிச் சென்றார்.

வைத்தியர் கழுத்தை ஸ்கான் செய்வித்தார். இடுப்பு மூட்டையும் சோதித்தார். இத்தகைய குழந்தைகளிற் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாக அமையாதிருப்பதுண்டாம். மூட்டிற் குறையில்லை என்று தெரிந்தது. கட்டியைப் பற்றி அவர் கூறியது எங்கள் நெஞ்சிற் பால் வார்த்தது. அது புற்றுநோயன்று, தசையிலே நார்ப்பற்றுத் திரண்டதனால் உண்டான தடிப்பு, சில மாதங்களில் தானே கரைந்துவிடும். ஆனாற் கட்டி கரைந்தாலும் தசையின் இறுக்கம் தானாக நீங்கிவிடும் என்று இருந்துவிடக் கூடாது என்றார்.

நோயின் இயல்பு

கழுத்தின் இருமருங்கிலும் ஒவ்வொரு நீண்ட தசை உண்டு. மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் தொடங்கி, மேலேறிச் சென்று காதின் பின்புறத்தெலும்பிற் பொருந்துவது அது. தலையைத் திருப்பிக் கண்ணாடியிற் பார்த்தால், கயிறு போலப் புடைத்து நிற்பதை மாணவர்கள் தாமே காணலாம். வலப்பக்கத் தசை சுருங்கினால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். பிறவியிலேயே இத்தசை குறுகி இறுகியிருப்பதுதான் இந்நோய். இதனை மேனாட்டார் டோட்டிக்கொல்லிஸ் என்பர். முறுக்கியது, கழுத்து எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை அப்பெயர். மகா அலெக்சாந்தரின் கழுத்து இடப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது எனப் புளூட்டாக் எழுதி வைத்திருப்பதை நான் வகுப்பிற் பலமுறை கூறியிருக்கிறேன். அதுவும் இந்நோயாக இருக்கலாமோ என ஆராய்ந்தோரும் உளர். உலகை வென்றவனுக்கே இருந்ததாயின் நம் பிள்ளைக்கு இருப்பதிற் குறையென்ன என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இது அபூர்வமான நோயுமன்று. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் மூவர் முதல் இருபதின்மர் வரை இதனாற் பாதிக்கப்படுவதாக வைத்திய நூல்கள் கூறுகின்றன. பிரசவம் கடினமாக அமைதல், கருவிலே குழந்தை நெருக்குண்டு கிடத்தல் என்பன இதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. பெற்றோர் தூக்கிய பிழையினாலோ கிடத்திய பிழையினாலோ தசையில் இவ்விறுக்கமும் கட்டியும் வருவதில்லை.

சிகிச்சையோ மிக எளிது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சுருங்கிய தசையை மெல்ல நீட்டுதல், குழந்தை தானாகவே மறுபுறம் திரும்புமாறு செய்தல், இருபுறமும் ஒத்தபடி அசைந்து வளரச் செய்தல், கிடத்தும் முறையையும் தூக்கும் முறையையும் மாற்றுதல், இவையனைத்தையும் பெற்றோருக்குக் கற்பித்தல் என ஐந்தே அங்கங்கள். அமெரிக்க இயன்மருத்துவர் சங்கத்தின் சிறுவர் பிரிவு 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2018 இற் புதுப்பித்த வழிகாட்டி நூல் இவ்வைந்தையுமே முதற் சிகிச்சையாக வகுத்துள்ளது. ஒரு மாத வயதுக்கு முன் தொடங்கினால் நூற்றுக்கு 98 குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை மாதச் சிகிச்சையிற் குணமடைவர். ஒரு மாதத்தின் பின் தொடங்கினால் ஏறத்தாழ ஆறு மாதம் செல்லும். ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் ஒன்பது, பத்து மாதங்கள் பிடிக்கும், முற்றாகக் குணமடைவோர் தொகையும் குறையும் என 2013 ஆம் ஆண்டு நூல் எடுத்துக் காட்டியது. ஹொங்கொங்கில் 821 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2001 இல் வெளியான ஆய்விலும், பெரும்பாலோர் கையால் நீட்டும் சிகிச்சையினாலேயே குணமடைந்தனர். சத்திரசிகிச்சை வேண்டியிருந்தோர் மிகச் சிலரே. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம்மவர் பழமொழி. இந்நோயில் அக்கணக்கை ஆண்டால் அன்றி வாரத்தால் எண்ணுதல் வேண்டும்.

ஆறு வாரங்கள் போன விதம்

எங்களுக்கு வாய்த்த இயன்மருத்துவர் என் பழைய மாணவர் என்று கூறினேன் அல்லவா? ஐந்தாவது வாரத்தில் அவரிடம் சென்றோம். அவர் இரண்டு நீட்டல்களைச் செய்து காட்டினார். ஒன்று, வலத் தோளை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் சாய்த்தல். மற்றையது, நாடியை வலப்பக்கம் திருப்புதல். ஒவ்வொன்றையும் முப்பது எண்ணும்வரை பிடித்தல் வேண்டும், மும்மூன்று முறை, நாளொன்றுக்கு ஐந்து வேளை. கணக்கிட்டுப் பாருங்கள். வேளைக்கு மூன்று நிமிடம். நாளுக்குக் கால் மணித்தியாலம். நான் காலையிற் பத்திரிகை படிக்கும் நேரம் இதனிலும் அதிகம். செய்த வேளைகளைக் குறிப்பதற்கென ஒரு கட்டத்தாளும் தந்து, இரண்டு வாரத்தின் பின் வரும்படி கூறினார்.

முதல் நான்கு நாட்கள் ஒழுங்காக நடந்தன. ஐந்தாம் நாள் பிள்ளை வீறிட்டு அழுதான். அம்மம்மா ஓடிவந்து, "ஏன் தம்பி பச்சைப் பாலகனை இப்பிடி வதைக்கிறியள்? வளர வளரத் தானாய் நிமிரும்" என்று அவனை வாரி எடுத்துக்கொண்டார். என் மனைவிக்கோ சத்திரசிகிச்சைப் புண் முற்றாக ஆறவில்லை. இரவிற் கண்ணுறக்கமும் இல்லை. எனக்குத் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மலைபோற் குவிந்திருந்தன. ஐந்து வேளை மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று, பின்னர் நினைத்த நாளில் ஒரு வேளை என்றாயிற்று. இரண்டு வாரத்தின் பின் போகவேண்டிய நாளைப் பரீட்சையைச் சாட்டித் தவறவிட்டோம். ஆறு வாரம் சென்றபின், புறப்படும் காலையிலே, கட்டத்தாள் வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டேன். பேனையை எடுத்தேன். நாற்பத்திரண்டு நாட்களுக்கும் உரிய கட்டங்களை ஐந்து நிமிடத்திற் சரியடையாளங்களால் நிரப்பினேன்.

அவர் தாளை வாங்கிச் சற்றுநேரம் பார்த்தார். ஒரே மை, ஒரே சாய்வு. யாரிடம் கற்ற வித்தை அது! ஒன்றும் பேசாமல் தாளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, "சேர், ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்றார். நான் தோளைப் பிடிக்க மறந்தேன். நாடியை வலப்பக்கம் திருப்புவதற்குப் பதிலாக இடப்பக்கம் திருப்பினேன். பிள்ளை சிறிதும் எதிர்க்கவில்லை. அவன் எப்போதும் திரும்பிக் கிடக்கும் பக்கம் அதுவன்றோ! கழுத்து முன்னிருந்தபடியே இருந்தது. ஒரே பக்கமாகக் கிடந்து கிடந்து பின்தலையின் இடப்பக்கம் தட்டையாகவும் தொடங்கியிருந்தது.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. தாழ்ந்த குரலில், "சேர், செய்யவில்லை என்று சொன்னால் நான் வேறு வழி பார்ப்பேன். செய்தோம் என்று நான் நம்பினாற்றான் ஆபத்து. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் இளகாத தசை என்று பதிந்துவிடுவேன். இப்படியே போனால், தேவையில்லாமற் கத்திவரை கொண்டுபோய் விட்டுவிடும்" என்றார்.

என் மாணவரிடம் நான் கூறிவந்தது தவறு என்று அன்றுதான் உணர்ந்தேன். பொய்க் கணக்கெழுதும் மாணவன் தன்னை மட்டும் ஏமாற்றுவதில்லை. அவனுக்கு எது விளங்கவில்லை என்பதை அறியும் வழியை ஆசிரியனுக்கும் அடைத்துவிடுகிறான். நானோ என்னையும் என் மாணவரையுமன்றி, வாய்திறந்து முறையிடத் தெரியாத மூன்றாமவன் ஒருவனையும் ஏமாற்றியிருந்தேன்.

அன்பு இருந்தும் ஏன் தவறுகிறோம்?

பிள்ளைமீது அன்பில்லாத பெற்றோரே இவ்வாறு செய்வர் என்று எண்ணற்க. நாட்பட்ட நோயுடையோரிற் செல்வ நாடுகளிலேயே பாதிப்பேர்தான் விதித்த சிகிச்சையை ஒழுங்காகக் கைக்கொள்கின்றனர் என உலக சுகாதார ஸ்தாபனம் 2003 ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறியது. தம் உடலுக்கே இவ்வாறாயின், அழும் குழந்தைக்குச் செய்யவேண்டிய காரியத்தைப் பற்றிக் கேட்பானேன்?

ஆராய்ந்து பார்த்தபோது, எங்கள் வீட்டில் ஐந்து காரணங்கள் இருந்தமை புலப்பட்டது. முதலாவது, இன்று செய்தால் இன்று பலன் தெரிவதில்லை. செய்யாவிட்டாலும் இன்று தீங்கு தெரிவதில்லை. இரண்டாவது, அழுகை. மருந்து கசந்தால் குடிப்பவன் முகம் சுளிப்பான். இங்கே நம் கையே மருந்தாகையால் நாமே கொடியவர் போலத் தோன்றுகிறோம். மூன்றாவது, பெரியோரின் தடை. அம்மம்மாவின் சொல் அறியாமையாற் பிறந்ததன்று, பாசத்தாற் பிறந்தது. அவரை நாங்கள் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லாததே பிழை. நான்காவது, கையிற் பழக்கமின்மை. ஒருமுறை பார்த்ததை வைத்து வீட்டிற் செய்யப் புகுந்தால், செய்வது சரியோ என்ற ஐயம் எழும். ஐயம் எழுந்த காரியம் மெல்ல மெல்லக் கைநழுவும். சுவீடனிற் சிறு தொகைக் குழந்தைகளைக் கொண்டு செய்து 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இயன்மருத்துவரே நீட்டிய குழந்தைகள், பெற்றோர் நீட்டிய குழந்தைகளிலும் விரைந்து குணமடைந்தனர். பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வேற்றுமை அது. ஐந்தாவது காரணம் வெட்கம். தவறவிட்ட பெற்றோர் அடுத்த முறை போகக் கூசுவர். போகாதிருக்கப் போகாதிருக்கக் கூச்சம் வளரும்.

ஆதலால் வைத்தியரையும் தாதியரையும் ஒன்று வேண்டுகிறேன். "செய்தீர்களா?" என்று கேட்டால் "செய்தோம்" என்ற விடையே வரும். "எந்த வேளை செய்ய முடியாமற் போகிறது?" என்று கேளுங்கள். உண்மை வரும்.

பின்னர் செய்தது

அன்று அம்மம்மாவை அடுத்த முறை அழைத்து வரும்படி இயன்மருத்துவர் கேட்டார். அடுத்த வாரம் அவரும் வந்தார். அவர் கையைப் பிடித்தே அத்தசையைத் தொட்டுக் காட்டி, "அம்மா, இங்கே கயிறுபோல இருக்கிறதல்லவா? இது இளகினாற்றான் பிள்ளை உங்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பான்" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதிகாரம் கைமாறியது. காலை நீட்டலை நான் மறந்தால், "தம்பி, பிள்ளைக்குக் கழுத்துப் பார்த்தாச்சோ?" என்ற குரல் அடுக்களையிலிருந்து வரும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், தவறாது நிகழும் காரியங்களோடு கட்டினோம். காலையிலே துணி மாற்றும்போது நான். குளிக்கவார்க்கு முன் அம்மம்மா. பகலில் இருவேளை தாய். மாலை விளக்கேற்றிய பின் மீண்டும் நான். பசித்தபோதும் பால் குடித்தவுடனும் செய்வதில்லை. முப்பது எண்ணுவதற்குப் பதிலாக மூத்த மகள் ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டின் முதலடி கேட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்திக் காது கொடுக்கத் தொடங்கினான். கட்டத்தாளை அலுமாரியிலிருந்து எடுத்து அடுக்களைக் கதவில் ஒட்டினோம். செய்யாத வேளைக்குச் சுழியம் இடுவது என்று தீர்மானித்தோம். அத்தாளிற் சுழியங்கள் இல்லாமலில்லை. ஆயினும் அவை உண்மைச் சுழியங்கள்.

நீட்டலிலும் பார்க்க நாள் முழுவதும் நடப்பவை முக்கியம் என்பதையும் கற்றோம். பிள்ளை இடப்பக்கமே பார்க்க விரும்புவான். எனவே யன்னல் வெளிச்சமும் எங்கள் முகமும் கிலுகிலுப்பையும் அவனுக்கு வலப்பக்கத்தில் இருக்கும்படி படுக்கையை மாற்றினோம். ஏணையிற் கிடந்தால் துணி தலையை ஒரே நிலையில் அணைத்துவிடும் என்பதால் அதனைக் கழற்றி வைத்தோம். விழித்திருக்கும் வேளையில், நாங்கள் அருகிருக்க, நாளுக்குப் பலமுறை குப்புறக் கிடத்தினோம். உறக்கத்துக்கு மட்டும் மல்லாக்காகவே கிடத்துதல் வேண்டும். திடீர்ச் சிசு மரணத்தைத் தவிர்க்கும் பொருட்டு அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் வற்புறுத்திவரும் விதி அது. கழுத்துச் சரிவை முன்னிட்டு அவ்விதியை எவரும் மீறலாகாது.

எச்சரிக்கை

இதனைப் படித்துவிட்டு எவரும் தாமாகக் குழந்தையின் கழுத்தை நீட்டத் தொடங்கற்க. தலை சாய்வதற்குக் கண்ணின் தசைக்குறை, கழுத்தெலும்பின் பிறவிக்குறை, நரம்பு நோய் முதலிய வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்கு இச்சிகிச்சை பொருந்தாது. பல மாதம் நேராயிருந்த தலை திடீரெனச் சாய்ந்தாலும், காய்ச்சல், வாந்தி, சோர்வு என்பன சேர்ந்து வந்தாலும், உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நீட்டும்போது குழந்தையின் மூச்சு மாறினாலோ, முகத்தின் நிறம் மாறினாலோ, திமிறி எதிர்த்தாலோ கையை விட்டுவிடுதல் வேண்டும். பலவந்தம் ஒருபோதும் ஆகாது. எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். என் பிள்ளைக்குரிய கணக்கு உங்கள் பிள்ளைக்குரியதன்று.

எங்கள் பிள்ளையின் கழுத்து ஒன்பதாம் மாதம் அளவில் நேராயிற்று. நடக்கத் தொடங்கியபின் மீண்டும் ஒருமுறை காட்டினோம். இப்போது இரண்டு வயது. வளவெல்லாம் ஓடித் திரிகிறான். பின்தலையின் தட்டை முற்றாக மறைந்ததென்று கூறமாட்டேன். தலைமயிர் மறைத்திருப்பதால் மற்றவர் அறியார். மயிர் வெட்டும் நாளில் மட்டும் என் கண்ணுக்குத் தெரியும். நான் வீணாக்கிய ஆறு வாரத்தின் கணக்கு அதிலே எழுதப்பட்டிருக்கிறது.

வகுப்பிலே இப்போதும் வீட்டுவேலை செய்யாத மாணவர் உளர். முன்போல "ஏன் செய்யவில்லை?" என்று நான் கேட்பதில்லை. "எந்த இடத்தில் நின்றுவிட்டது, தம்பி?" என்றே கேட்கிறேன். சென்ற வாரம் ஒருவன் எழுந்து, "முதலாம் வரியிலேயே நின்றுவிட்டது, சேர்" என்றான். அவனருகில் அமர்ந்து அம்முதலாம் வரியிலிருந்தே தொடங்கினோம்.